ஸ்வயாக் என்றால் சகலை

1

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்கு ருஷ்ய மொழி தெரியாது.

2004-ஆம் ஆண்டு, ராயபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில், ஒரு சிறுபத்திரிகை ஆசிரியர் மொழிச் சிறப்பிதழுக்குக் கட்டுரை கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு எழுத்தாளரிடம் கேட்டார். அவர் அலட்டிக்கொள்ளாமல், “சந்தால் மொழியின் வினைச்சொற்களைப் பற்றித் தரலாம்” என்றார். அந்த வினாடியில் என் வாய் தானாகத் திறந்து, “ருஷ்ய மொழியில் உறவுமுறைச் சொற்கள்” என்று சொல்லிவிட்டது. ஏன் ருஷ்ய மொழி, ஏன் உறவுமுறை என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. ஆசிரியர் குறித்துக்கொண்டார். பதினைந்து நாள் கெடு.

பத்தாவது நாள் ஒருவர் சொன்னார்: துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் ஃப்ளோரன்ஸ் என்று ஒரு அம்மா இருக்கிறார், ருஷ்யக் கப்பல் வந்தால் அவர்தான் ஏறிப்போய்ப் பேசுவார் என்று. போனேன். ஒரு மணி நேரத்தில் பதினொரு சொற்களைச் சொல்லிக்கொடுத்தார். கட்டுரை ஒன்றரைப் பக்கம் வந்தது. எழுந்திருக்கப் போனபோது, “இதுல ஒரு கல்யாணம் கீது சார். சொல்லட்டா?” என்றார்.

சாயங்காலம் ஐந்து மணிவரை சொன்னார். கட்டுரை செத்தது. இது பிறந்தது. (ஆசிரியர் இதைப் போடவில்லை. ‘கட்டுரை கேட்டால் கல்யாணம் தருகிறீர்கள்’ என்று கார்டு எழுதியிருந்தார்.)

தொடக்கம் மட்டும் மூன்று முறை எழுதினேன்.

முதலாவது: ‘வங்கக் கடலின் அலைகள் ராயபுரம் கரையில்.’ வேண்டாம். அலை இல்லாமல் ராயபுரத்தை யாராவது தொடங்கட்டும்.

இரண்டாவது: ‘உறவு முந்தியதா, உறவுக்கு நாம் வைத்த பெயர் முந்தியதா என்ற கேள்வியை.’ இந்த வாக்கியத்தை முடிக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பில்லை.

மூன்றாவது: ராசையா அண்ணாச்சி மாடிப்படி ஏறி வந்தபோது, ஃப்ளோரன்ஸ் எலிகளைப் பற்றி ருஷ்ய மொழியில் ஒரு கடிதம் டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

இது சரி. இங்கிருந்தே போகலாம். (கதைக்குள் போனதும் ‘அவர்’ ‘அவள்’ ஆகிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். அவரிடம் கேட்டுத்தான் செய்தேன்.)

2

எலி விஷயம் அவசரமானது. கப்பலில் எலி இல்லை என்ற சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. ஆகவே ஃப்ளோரன்ஸ் நிமிர்ந்து பார்க்காமலே, “உக்காருங்க அண்ணாச்சி” என்றாள்.

ராசையாவை அவளுக்குப் பத்து வருடமாகத் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வண்ணாரப்பேட்டையில் லுங்கி, துண்டு, பனியன் மொத்த வியாபாரம். கப்பல் இயந்திரங்களைத் துடைக்கிற பனியன் வேஸ்டை மூட்டை மூட்டையாகத் துறைமுகத்துக்கு அனுப்புகிறவர்.

“ஏம்மா, ருசியா பாசை உனக்கு முழுசாத் தெரியுமா?”

“கப்பல் பாஷை தெரியும் அண்ணாச்சி.”

“கப்பல்ல வாரவனும் மனுசன்தான. எம் மவன் பாண்டி இருக்காம்லா, டாக்டருக்குப் படிக்கப் போனவன். அங்கயே ஒரு பிள்ளையப் பாத்துட்டான். மூணு மாசம் நானும் முறுக்கிப் பாத்தேன். முடியல. வார பதினேழாந் தேதி கல்யாணம். பிள்ளையோட அம்மா வாராவ, கூட ஒரு ஆளும் வாரான். நீதான் எடையில நின்னு பேசணும்.”

ஃப்ளோரன்ஸ் இப்போதுதான் டைப் அடிப்பதை நிறுத்தினாள். “தம்பி இசக்கிப்பாண்டிக்கே ருஷ்யன் தெரியுமே. அஞ்சு வருஷமா அங்கதானே கீறாரு?”

“அவன் பேச்ச எடுக்காத. போன்ல இந்த மூணு மாசமும் அவன்தான் மாத்திச் சொன்னான். நான் ‘முடியாது’ன்னு சொன்னா அந்தம்மாட்ட ‘அப்பா யோசிக்காவ’ன்னுருக்கான். அந்தம்மா ‘முடியாது’ன்னு சொன்னதுக்கு எங்கிட்ட ‘உங்க உடம்ப விசாரிச்சாவ’ன்னான். ஒடைஞ்ச பாத்திரத்த வச்சி மோந்த கதையா இருக்கு. எனக்குச் சொன்னதச் சொன்னபடி சொல்ற ஆளு வேணும்.”

அதற்கு மேல் ஒரு விஷயமும் சொன்னார். அவருடைய சொந்தக்காரர்கள் நாற்பது பேர் வருகிறார்கள். யார் யாருக்கு என்ன முறை என்று பெண் வீட்டாரிடம் எடுத்துச் சொல்லி அறிமுகம் செய்யாவிட்டால், ஒருத்தர்கூடப் பந்தியில் கை நனைக்க மாட்டார்.

இங்கேதான் ஃப்ளோரன்ஸ் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு நங்கூரம் தெரியும். வடக்கயிறு, கிரேன், உப்புநீர்ப் பம்பு, யூரியா, எலி, எலிப்பொறி தெரியும். அவளுடைய ருஷ்ய மொழியில் குடும்பமே கிடையாது. மாலை வகுப்பில் குடும்பம் என்ற பாடத்தை நடத்திய வாரம் அவளுக்கு அம்மை போட்டிருந்தது.*

(* இந்தப் பிரதியை ஃப்ளோரன்ஸிடம் கொடுத்தேன். ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தார். இங்கே எழுதியிருப்பது: ‘அம்மை இல்ல. மெட்ராஸ் ஐ.’)

அன்றே பழைய புத்தகக் கடையில் ஒரு தடித்த அகராதி வாங்கினாள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ருஷ்யம் என்று எழுத ஆரம்பித்தாள். எழுத எழுத அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று சொல்ல வேண்டும். செத்துப்போன கட்டுரையிலிருந்து ஒரு பத்தியை இங்கே பிழைக்க விடுகிறேன்.

ஆங்கிலக்காரன் பாவம். அண்ணன் பெண்டாட்டி, நாத்தனார், கொழுந்தியாள், ஓரகத்தி, எல்லாரையும் ‘சிஸ்டர் இன் லா’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுவான். ருஷ்யாக்காரன் அப்படியில்லை. புருஷனின் சகோதரன் தேவெர், நமக்குக் கொழுந்தன். பெண்டாட்டியின் சகோதரன் ஷூரின், நமக்கு மச்சான். புருஷனின் சகோதரி ஸலோஃப்கா. நாத்தனாருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதற்கு இவ்வளவு பொருத்தமான பெயர் தமிழில்கூட இல்லை. மாப்பிள்ளையைப் பெற்றவரும் பெண்ணைப் பெற்றவரும் ஒருவருக்கொருவர் ஸ்வாத், பெண்களானால் ஸ்வாத்யா. சம்பந்தி! (இந்தக் கதையில் ஒரே ஒரு ஆச்சரியக்குறிதான் போடுவேன் என்று வைத்திருந்தேன். போட்டுவிட்டேன்.) அக்காளைக் கட்டியவனும் தங்கையைக் கட்டியவனும் ஒருவருக்கொருவர் ஸ்வயாக். சகலை. பனி கொட்டுகிற தேசத்திலும் ஒரு சகலை இன்னொரு சகலையின் வேலையையும் வீட்டையும் ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருக்கிறான் என்பதை நினைத்தபோது ஃப்ளோரன்ஸுக்கு உலகம் சின்னதாகிவிட்டது போலிருந்தது.

3

பன்னிரண்டாம் தேதி காலை. வண்ணாரப்பேட்டையில் கடைக்கு மேலே ராசையாவின் வீடு. கூடத்தில் நாற்பது பேர் குளித்து முழுகி, விபூதி பூசி, வரிசையாக நின்றார்கள்.

வாசலில் தெருமுனை ஆட்டோக்காரன் ஹுமாயூனின் வண்டி வந்து நின்றது. விமான நிலையத்திலிருந்து காரில் வந்தவர்கள், தெருவுக்குள் கார் நுழையாததால், முனையில் ஆட்டோவுக்கு மாறியிருந்தார்கள்; பாண்டி பெட்டிகளோடு பின்னால் வந்துகொண்டிருந்தான். முதலில் மணப்பெண் லரிசா இறங்கினாள். பிறகு அவள் அம்மா கலீனா பெத்ரோவ்னா. அம்பது வயதுக்கு மேல் இருக்கும், அகலமான தோள், கைப்பையைக் குழந்தை போல அணைத்துப் பிடித்திருந்தாள். பிரசவ ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. கடைசியாக ஒரு ஒல்லி மனிதர், நரைத்த மீசை. அவர் கால் வைத்த இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது.

“மாமு, பாத்து எறங்கு. கால்வா கீது” என்றான் ஹுமாயூன்.

அவ்வளவுதான். கூடம் முழுக்க ‘மாமா’ என்ற செய்தி பரவிவிட்டது. பெண்ணுக்குத் தாய்மாமன் வந்திருக்கிறார். யாரோ மாமன் மாலையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

லரிசா அந்த மனிதரைக் காட்டி, “இவர் த்யாத்யா கோல்யா” என்றாள்.

ஃப்ளோரன்ஸின் நோட்டில் த்யாத்யாவுக்கு எதிரே நான்கு சொற்கள் இருந்தன: மாமா, பெரியப்பா, சித்தப்பா, தெருவில் போகிற வயதான ஆள். சகலைக்கும் நாத்தனாருக்கும் தனித்தனிப் பெயர் வைத்த ருஷ்யர்கள் இந்த இடத்தில் கைவிட்டுவிட்டார்கள்.

“தாய்மாமன்தானம்மா?” என்றார் ராசையா.

“இருங்க அண்ணாச்சி, கேட்டுச் சொல்றேன்.”

“கேக்கதுக்கு என்ன இருக்கு? ஆட்டோக்காரரே மாமான்னு கூப்பிட்டாரே.”

“அவரு எல்லாரையும்தான் மாமுன்னு கூப்புடுவாரு.”

விஷயம் சின்னதில்லை. லரிசாவின் அப்பா இறந்து ஆறு வருடம். வந்தவர் தாய்மாமன் என்றால் மாமன் சீரோடு ஒதுங்கி நிற்பார். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க ஆளில்லை. சித்தப்பா என்றால் அப்பாவின் இடத்தில் அவரே உட்காரலாம். ஃப்ளோரன்ஸ் கலீனாவைக் கேட்டாள்.

“உங்கள் கூடப்பிறந்தவரா?”

“இல்லை.”

“உங்கள் கணவரின் கூடப்பிறந்தவரா?”

“இல்லை.”

மாமன் மாலையை வைத்திருந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கலீனா விரலை மடக்கினாள். “எனக்கு ஒரு தங்கை. அவள் புருஷன் இவர். என் புருஷனுக்கும் இவருக்கும்தான் உறவு. அவர்கள்...” அவள் ஒரு சொல்லைத் தேடினாள். கிராமத்துக்காரர்கள்தான் இப்போது அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள் என்பது போல ஒரு கூச்சத்தோடு சொன்னாள்: “ஸ்வயாக்.”

ஃப்ளோரன்ஸ் நோட்டைப் புரட்டவில்லை.

“சகலை அண்ணாச்சி. பொண்ணோட அப்பாவுக்கு இவரு சகலை. அப்படின்னா பொண்ணுக்குச் சித்தப்பா.”

கூடம் கலகலத்தது. ராசையா கோல்யாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்கே நான்கு சகலைகள். நான்கு பேரையும் இழுத்து வந்து கோல்யாவைச் சுற்றி நிறுத்தினார். “இவன் ஸ்வயாக், இவன் ஸ்வயாக், இவனும் ஸ்வயாக். இந்தா நிக்கானே, இவன் என்னய விட ரெண்டு மாடி கூடக் கெட்டிட்டான், இவனும் ஸ்வயாக்.” ஃப்ளோரன்ஸ் அதையும் மொழிபெயர்த்தாள். கோல்யா அந்த ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “என்னுடைய ஸ்வயாக்கும் என்னைவிடப் பெரிய தோட்டம் வைத்திருந்தான்” என்றார். அதன்பிறகு அவர்களுக்கு ஃப்ளோரன்ஸ் தேவைப்படவில்லை. பத்து நிமிடத்தில் கோல்யா கட்டம் போட்ட லுங்கியில் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார்.

மீதி முப்பத்தாறு பேரை அவள் ஒரு மணி நேரத்தில் முடித்தாள். ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஒவ்வொரு முறையைச் சொன்னதும் கலீனா, “ஆ, ஸலோஃப்கா”, “ஆ, ஷூரின்” என்று தலையாட்டினாள். கடைசியில் ஃப்ளோரன்ஸுக்குக் குரல் கட்டிப்போய், உடம்பெல்லாம் லேசாக, தரையில் கால் படாதது மாதிரி இருந்தது.

4

[இங்கே ஒரு சந்தேகம். கலீனாவை நான் வேடிக்கைப் பொருளாக்குகிறேனா? அகலத் தோள், கைப்பை, ‘ஆ, ஷூரின்’. முதல் பிரதியில் அவள் மிளகாய் கடித்துத் தண்ணீர் தண்ணீர் என்று கத்துகிற காட்சிகூட இருந்தது. ஃப்ளோரன்ஸ் ஓரத்தில், ‘அந்தம்மா எங்க வூட்ல கருவாட்டுக் கொழம்பு ரெண்டு தடவ வாங்கித் துன்னாங்க’ என்று எழுதியிருந்தார். காட்சியை எடுத்துவிட்டேன். ஒரு பெண் தனியாக வளர்த்த ஒரே மகளை, வரைபடத்தில் விரல் வைத்துத் தேட வேண்டியிருந்த ஊரில் கொடுக்க வந்திருக்கிறாள். அதை மறக்காமல் படியுங்கள். நானும் மறக்காமல் எழுதுகிறேன்.]

அடுத்த நான்கு நாளும் கலீனாவும் பாண்டியின் அம்மா செல்லக்கனியும் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. இருவருக்கும் நடுவில் இரண்டே சொற்கள். கலீனா ‘சம்பந்தி’ என்பாள். செல்லக்கனி ‘சுவாத்தியா’ என்பாள். உப்பு வேண்டுமென்றாலும் அதுதான், அடுப்பை அணை என்றாலும் அதுதான். ஃப்ளோரன்ஸ் வாசற்படியில் உட்கார்ந்து, வேலையில்லாமல், தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

5

பதினாறாம் தேதி பிற்பகல் மூன்று மணி. ஆறு மணிக்கு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். ஆண்கள் எல்லாரும் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். பாண்டி முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தான். மேல்மாடி அறையில் கலீனா, லரிசா, செல்லக்கனி, ஃப்ளோரன்ஸ் நான்கு பேரும் பாயில் உட்கார்ந்து உதிரிப்பூ பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கலீனா கேட்டாள்: “சம்பந்தியும் அவள் கணவரும் முதன்முதலில் எங்கே சந்தித்தார்கள்?”

ஃப்ளோரன்ஸ் கேட்டுச் சொன்னாள். செல்லக்கனிக்குச் சிரிப்புப் பொங்கியது.

“சந்திக்கதா? பொறந்ததுல இருந்தே தெரியும்லா. எங்க அம்மையும் இவுக அப்பாவும் ஒரு வயித்துல பொறந்தவங்க. நான் இவுகளுக்கு அத்த மவ.”

அத்தை மகள். நோட்டில் எதிரே ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அப்பாவின் தம்பி மகளா, அத்தை மகளா, மாமன் மகளா என்ற பேதமே இல்லாமல் எல்லாருக்கும் ஒரே சொல்: த்வயூரத்னயா செஸ்த்ரா. செஸ்த்ரா என்றால் சகோதரி.

ஃப்ளோரன்ஸ் சொன்னதைச் சொன்னபடி சொல்கிறவள். சொன்னாள்.

கலீனாவின் கையில் பூ அப்படியே நின்றது. “அண்ணனும் தங்கையுமா?”

என்ன நடந்தது என்று தெரியாத செல்லக்கனி பேசிக்கொண்டே போனாள். “எங்களுக்குள்ள அப்பிடித்தான். பாண்டிக்குப் பொட்டப் புள்ள பொறந்தா எம் மவ பையனுக்குத்தான் குடுக்கணும். எம் மவகிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேன். அதையும் சொல்லிரு.”

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். (கதாசிரியனாக நான் இந்த இடத்தில் ஒரு ஆட்டோ டயரை வெடிக்க வைத்துப் பேச்சை மாற்றியிருப்பேன்.) ஃப்ளோரன்ஸ் அதையும் சொன்னாள்.

கலீனா எழுந்தாள். குரல் உயரவில்லை. “முப்பது வருஷமாக நான் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தைப் பார்க்கிறேன். நெருங்கிய ரத்தத்தில் கட்டினால் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும். லரிசா, பெட்டியை எடு.”

“எனக்குத் தெரியும் அம்மா” என்றாள் லரிசா மெதுவாக. “பாண்டி இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டான். பாண்டியும் நானும் சொந்தமில்லையே. உனக்குச் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லவில்லை.”

அது இன்னும் மோசமாகிவிட்டது. கலீனா அலமாரிக்கு மேலிருந்து பெட்டியைத் தானே இழுத்தாள்.

“என்னட்டி ஆச்சு?” என்றாள் செல்லக்கனி. “சுவாத்தியா ஏன் பெட்டிய எடுக்கா? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?”

“நீங்க ஒண்ணும் தப்பா சொல்லலக்கா. நான்தான் தப்பா சொல்ட்டேன்.”

6

இந்த இடத்தில் நான் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஃப்ளோரன்ஸைப் பற்றி ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லாமலே இவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டேன். அவரும் என்னிடம் மூன்று மணி நேரம் கழித்துத்தான் சொன்னார்; ஆகவே கணக்கு சரி.

ஃப்ளோரன்ஸுக்கு ஒரு மாமன் மகன். பெயர் அருள்பிரகாசம். ஒரே தெருவில், ஒரே பள்ளிக்கூடத்தில் வளர்ந்தார்கள். அவன் அவளுக்குத்தான் என்பது அவர்கள் நடக்கப் பழகும் முன்பே முடிவான விஷயம். அவளுக்கு இருபத்தாறு வயதானபோது திருமணத்துக்கு நாள் குறித்தார்கள். நெருங்கிய சொந்தம் என்பதால் திருச்சபைச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும், அதையும் வாங்கியாகிவிட்டது. மாதா கோவிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்க வேண்டிய வாரத்தில் அவள் முடியாது என்றாள்.

ஏன் என்று கேட்டார்கள். “அவன் எனக்கு அண்ணன் மாதிரி” என்றாள். “மாமன் மவன் எப்டிடி அண்ணனாவான்?” என்று சிரித்தார்கள். பிறகு அடித்தார்கள். வேறு யாரையோ மனதில் வைத்திருக்கிறாள் என்றார்கள். யாரும் இல்லை. அவளிடம் இருந்தது ஒரு உணர்ச்சி; அதற்குத் தமிழில் சொல் இல்லை. அருள்பிரகாசத்திடம் ஒரு வார்த்தை பேசவும் முடியவில்லை. அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு திருவொற்றியூருக்குப் போய்விட்டார்கள். எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அகராதியில் த்வயூரத்னி பிராத், அதாவது மாமன் மகனும் சகோதரன்தான் என்கிற சொல்லைப் பார்த்த அன்று, ஃப்ளோரன்ஸ் நோட்டை மூடி வைத்துவிட்டு அழுதாள். ஒரு முழு தேசமே அவள் பக்கம் நின்றது மாதிரி இருந்தது.

இப்போது அதே சொல் பாண்டியின் கல்யாணத்தை உடைத்துக்கொண்டிருந்தது.

அவள் கலீனாவின் பெட்டி மேல் போய் உட்கார்ந்தாள். வேறு வழி தெரியவில்லை.

“கலீனா பெத்ரோவ்னா, ஒன்று கேட்கிறேன். புருஷனின் தம்பியும் தம்பிதான், பெண்டாட்டியின் தம்பியும் தம்பிதான். ஏன் தேவெர், ஷூரின் என்று இரண்டு பெயர் வைத்தீர்கள்?”

“வேறு வேறு ஆட்கள். அதனால்.”

“எங்களுக்கு அப்பாவின் தம்பி மகளும் அத்தை மகளும் வேறு வேறு ஆட்கள்.”

“ரத்தம் ஒன்றுதான்.”

“ஒன்றுதான்” என்றாள் ஃப்ளோரன்ஸ். அதை மறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மறுத்தால் அது பொய். அதற்குப் பதிலாக அருள்பிரகாசத்தைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய ருஷ்யத்தில் அதற்கான சொற்கள் இல்லை. கப்பல் சொற்களை வைத்துத்தான் சொன்னாள். இரண்டு சரக்கு, பார்க்க ஒரே மாதிரி. ஒன்றின் மேல் இன்னொன்றின் சீட்டை ஒட்டி அனுப்பினால் போய்ச் சேருகிற துறைமுகத்தில் தகராறு. “உங்கள் சொல் எனக்குச் சரியான சீட்டு. எட்டு வருஷமாக நான் தேடினது. ஆனால் அந்தம்மா மேல் அதை நான்தான் ஒட்டினேன். அவர் மேல் அது சேராது. அவரையே கேளுங்கள்.”

கலீனா பெட்டியின் கைப்பிடியை விட்டாள். பிறகு செல்லக்கனியின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

“கேள்” என்றாள் ஃப்ளோரன்ஸிடம். “அவளுக்கு அவர் சகோதரனாக இருந்தாரா?”

செல்லக்கனி கேள்வியைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள்.

“அண்ணனா? என்ன கேக்கா இவ? எங்க அண்ணன் வந்தாம்னா அவன் தட்டுல இருந்தே எடுத்துத் திம்பேன். இவுக வந்தா அடுக்களைக்குள்ள ஓடிப்போயிருவேன். பதினெட்டு வயசு எனக்கு. கதவிடுக்கு வழியாத்தான் பாப்பேன். ஒருநா இவுக திரும்பிப் பாத்துட்டாவ, கையில இருந்த மோர்ச் சட்டி கீழ விழுந்துபோச்சு. கூடப்பொறந்தவனுக்கு யாராது சட்டிய ஒடைப்பாளா?”

ஃப்ளோரன்ஸ் மோர்ச்சட்டிக்கு ருஷ்யத்தில் சொல் தெரியாமல், வாளி என்று சொன்னாள். கலீனாவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளும் ஒரு காலத்தில் லரிசாவின் அப்பா வேலிக்கு வெளியே வந்து நின்றபோது கோழிக்கூட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டவள். அதைச் சொன்னாள். செல்லக்கனி, “கோழிக்கூட்டுக்குள்ளயா? இந்த உடம்பு எப்பிடிட்டி நொழைஞ்சிது?” என்றாள். ஃப்ளோரன்ஸ் அதையும் அப்படியே சொன்னாள்.

ஆனால் கலீனா சிரித்து முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உங்கள் கல்யாணம் முடிந்தது முடிந்தது. என் பேத்தியைக் கேட்கக் கூடாது. அதற்கு வாக்குக் கொடுக்கட்டும்” என்றாள்.

செல்லக்கனியின் சிரிப்பு நின்றது. மகளுக்குக் கொடுத்த வாக்கு. பூவை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்தாள். பிறகு சொன்னாள்: “ரத்தத்தப் பத்தி அவளுக்குத்தான தெரியும். தெனமும் பாக்கா. சரி, நான் கேக்க மாட்டேன். எம் மவகிட்ட நான் பேசிக்கிடுதேன்.” கொஞ்சம் யோசித்து, “அதுகளாப் பாத்து ஆசப்பட்டா?” என்றாள்.

கலீனாவும் யோசித்தாள். “அதற்குள் நாம் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம், சம்பந்தி.”

ஆறு மணிக்கு நிச்சயதார்த்தம் சரியாக நடந்தது. முடிவெட்டிக்கொண்டு வந்த பாண்டிக்கு, தன் கல்யாணம் ஒரு மணி நேரம் நின்றுபோயிருந்தது என்பது தெரியவே தெரியாது.

7

பதினேழாம் தேதி காலை கோல்யா அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து, லரிசாவின் கையைப் பாண்டியின் கையில் வைத்துத் தாரை வார்த்தார். பின்னால் ராசையாவின் நான்கு சகலைகளும் அரணாக நின்றார்கள். கோல்யா அழுதபோது நான்கு பேரும் நான்கு துண்டு நீட்டினார்கள். ஹுமாயூன் பந்தியில் மூன்றாம் முறை பாயசம் கேட்டான்.

முடிவு அ: இத்துடன் நிறுத்திவிடலாம். எல்லாரும் சாப்பிட்டாயிற்று.

முடிவு ஆ: மண்டபத்துக் கூட்டத்தில், மேளக்காரர்களுக்குப் பின்னால், ஒரு முகம். ஃப்ளோரன்ஸ் திரும்பினாள். அருள்பிர— (ஓரத்தில் பென்சில்: ‘டூப்பு. அவன் எதுக்கு அங்க வர்றான்?’)

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோவிலில் பூசை முடிந்ததும் ஃப்ளோரன்ஸ் வீட்டுக்குப் போகாமல் திருவொற்றியூர் பஸ் ஏறினாள். தேரடியில் இறங்கினாள். எட்டு வருடம் முகவரி மட்டும் தெரிந்திருந்த தெருவுக்கு நடந்தாள். அவனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவாகியிருந்தது: நீ ஆகாதவன் என்பதால் நான் வேண்டாமென்று சொல்லவில்லை. உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் சொன்னேன்.

கதவைத் தட்டினாள். திறந்தது அவன் மனைவி அன்புக்கரசி. கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. இடுப்பில் ஒரு குழந்தை, அருள்பிரகாசத்தின் அதே காது.

“அவரு எண்ணூருக்கு ஷிப்டு போய்கிறாரு. வர்ற நேரந்தான். நீங்க யாரு? அவருக்கு நீங்க இன்னா வேணும்?”

இந்தக் கேள்விக்கு ஃப்ளோரன்ஸ் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். நானே எழுதிப் பார்த்தேன். ‘அத்தை மகள்’: உண்மை, ஆனால் ஒரு மனைவியின் முகத்துக்கு நேரே சொன்னால் அந்தச் சொல்லுக்குள் பழைய கல்யாணம் உட்கார்ந்திருக்கிறது. ‘தங்கச்சி’: மனசுக்கு உண்மை, ஆனால் சொந்தத்துக்குள் யாரைக் கேட்டாலும் பொய். ‘பழைய தெருக்காரி’: உண்மையும் பொய்யும் இல்லாமல் கோழைத்தனம். அந்த ருஷ்யச் சொல்லைச் சொன்னால் அன்புக்கரசி கதவைச் சாத்தியிருப்பாள். நான்கு பிரதி அடித்தேன், நான்கையும் கிழித்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு முறை தெரியாத ஆள் இருப்பார். நீங்கள் என்னைவிட யோக்கியமாக எழுதுவீர்கள். ஆகவே அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.

ஃப்ளோரன்ஸ் சொன்னாள்: “........................”

அன்புக்கரசி அவளை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தாள். குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“அதுக்கின்னா, உள்ள வாங்க. இன்னாத்துக்கு வெயில்ல நிக்கிறீங்க? கொழம்பு கொதிக்குது, துன்ட்டுதான் போவணும்.”